சனி, ஞாயிறு செய்தி அறிக்கை: தயாரிப்பவருக்கும் வாசிப்பவருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளிக்கிழமை மாலை செய்தி அறையில் சத்தம் குறைந்துவிடும். செய்தியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் அசைன்மென்ட் டெஸ்க்கில் நான்கு பேர் இருந்த இடத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். இரண்டு எடிட் அறைகளில் ஒன்றின் விளக்கு அணைந்திருக்கும். கிராஃபிக்ஸுக்கு ஒரே ஆள், அவரும் நாளை மதியம்தான் வருவார். அடுத்த இரண்டு நாளும் இந்தக் கையளவு ஆட்கள்தான் புல்லட்டினைக் கொண்டுவர வேண்டும். வீட்டில் பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவுச் செய்தியை எந்த நம்பிக்கையோடு பார்த்தாரோ, அதே நம்பிக்கையோடுதான் சனிக்கிழமை இரவும் டிவி முன்னால் உட்காருகிறார்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி சனி, ஞாயிறு ஷிஃப்ட்டில்தான் கழிந்தது. முதலில் டெஸ்க்கில், பிறகு தயாரிப்பாளராக, அப்புறம் கொஞ்ச காலம் கேமரா முன்னாலும் இருந்தேன். அங்கே கற்றதை வரிசையாக எழுதுகிறேன். வார நாள் புல்லட்டினையே கொஞ்சம் குறைத்துப் போட்டால் வார இறுதி புல்லட்டின் ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நினைத்துத் தயாரித்தால் சரிப்பட்டு வராது. பாதியை வியாழக்கிழமையே கட்டி முடித்திருக்க வேண்டும். கட்டியதை ஒரே நிமிடத்தில் ஒதுக்கி வைக்கவும் மனசு தயாராக இருக்க வேண்டும்.

வார இறுதியின் குணம்

வார நாட்களில் செய்தி நாட்காட்டியைப் பார்த்து வரும். நீதிமன்றத் தீர்ப்பு, சபைக் கூட்டம், பங்குச் சந்தை, செய்தியாளர் சந்திப்பு என்று காலையிலேயே பாதி ரன்டவுன், அதாவது எந்தச் செய்தி எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்ற பட்டியல், நிரம்பிவிடும். சனிக்கிழமை இதெல்லாம் மூடியிருக்கும். எஞ்சுவது இரண்டுதான். ஒன்று, முன்பே தெரிந்த விளையாட்டு, பேரணி, தேர்தல். மற்றொன்று, யாருக்குமே தெரியாமல் வந்து விழுவது.

இந்த இரண்டாவது வகையைப் புதிதாக வருபவர்கள் குறைத்து எடைபோடுவார்கள். இளவரசி டயானா இறந்த 1997 ஆகஸ்ட் 31 ஞாயிற்றுக்கிழமை. கொலம்பியா விண்கலம் ஏழு பேரோடு சிதறிய 2003 பிப்ரவரி 1 சனிக்கிழமை. ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை. போப் இரண்டாம் ஜான் பால் மறைந்த 2005 ஏப்ரல் 2-ம், நேபாள நிலநடுக்கம் நடந்த 2015 ஏப்ரல் 25-ம் சனிக்கிழமைகள். 2024 ஜூலையில் டிரம்ப் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது 13-ம் தேதி சனிக்கிழமை. எட்டு நாள் கழித்து 21-ம் தேதி ஞாயிறன்று பைடன் போட்டியிலிருந்து விலகினார். இவை எல்லாவற்றையும் முதலில் கையாண்டது வார இறுதி ஷிஃப்ட்டில் இருந்த ஆட்கள்தான்.

எல்லாமே தற்செயலும் அல்ல. சில செய்திகள் தேதி பார்த்தே ஞாயிற்றுக்கிழமைக்கு வருகின்றன. ஒரு பெரிய வங்கி தள்ளாடும்போது திங்கட்கிழமை சந்தை திறப்பதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும். அதனால் பேச்சுவார்த்தை சனி, ஞாயிறில் நடக்கும். லேமன் பிரதர்ஸைக் காப்பாற்றும் முயற்சி ஒரு வார இறுதி முழுக்க நடந்து தோற்று, 2008 செப்டம்பர் 15 திங்கள் அதிகாலை அது திவால் மனு போட்டது. கிரெடிட் சூயிஸை யூபிஎஸ் வாங்கும் அறிவிப்பு வந்த 2023 மார்ச் 19 ஞாயிற்றுக்கிழமை. தேர்தலும் அப்படித்தான். ஜெர்மனியும் பிரான்சும் ஞாயிறில் வாக்களிக்கின்றன. ஜெர்மனியில் மாலை 6 மணிக்கும், பிரான்சில் பெருநகரங்களின் வாக்குச்சாவடிகள் மூடும் இரவு 8 மணிக்கும் முதல் கணிப்புகள் வந்துவிடும். நம் புல்லட்டின் நேரத்துக்கு அது எத்தனை மணி என்று வெள்ளிக்கிழமையே எழுதி ஒட்டி வைத்துவிடுங்கள்.

வியாழன்: கையிருப்பைச் சேர்ப்பது

வியாழன் மதியம் தயாரிப்பாளரும் டெஸ்க்கும் அரை மணி நேரம் உட்கார வேண்டும். இரண்டு பட்டியல் போடுங்கள். முதல் பட்டியலில் சனி, ஞாயிறில் நேரம் குறித்து நடக்கப்போகிறவை. இரண்டாவதில் கையிருப்புச் செய்திகள், அதாவது முன்பே படம்பிடித்து, வெட்டி, வாய்ஸ் ஓவர் போட்டு வைக்கக்கூடிய பேக்கேஜ்கள். ஒரு நாளைக்கு இரண்டு பேக்கேஜாவது கையில் இருந்தால் வயிற்றில் புளி கரைக்காது. மூன்று இருந்தால் நல்ல செய்தி வரும்போது ஒன்றை மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்.

எதைக் கையிருப்பாக எடுக்கலாம்? வார நாட்களில் ஒன்றரை நிமிடத்தில் அடக்கிவிட்டு நகர்ந்த விஷயங்களைத் தேடுங்கள். புதன்கிழமை ஒரு தீர்ப்பு வந்தது, அன்றே சொல்லியாயிற்று. அந்தத் தீர்ப்பால் ஒரு வீட்டில் என்ன மாறுகிறது என்று மூன்று நிமிடத்தில் காட்ட வார இறுதியில்தான் இடம் கிடைக்கும். என் கருத்தில் வார இறுதி புல்லட்டினுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம் இதுதான். பார்ப்பவருக்கும் அன்று கொஞ்சம் பொறுமை இருக்கும். அந்த இடத்தைப் பூனை வீடியோக்களால் நிரப்பும்போது எனக்கு மனசு வலிக்கும்.

கையிருப்பில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு முறை ஒரு பழைய விளையாட்டுப் பயிற்சியாளரைப் பற்றிய பேக்கேஜைப் புதன்கிழமை எடுத்து ஞாயிறு இரவு போட்டோம். "இன்றும் தினமும் அதிகாலையில் மைதானத்துக்கு வந்துவிடுகிறார்" என்று அதில் ஒரு வரி. அவர் வெள்ளிக்கிழமையே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். ஒளிபரப்பான ஐந்தாவது நிமிடத்தில் அவருடைய மகள் போன் செய்தார். கோபப்படவில்லை. "நீங்கள் ஒரு போன் செய்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு கையிருப்புச் செய்தியின் ஸ்லக்கிலும் (கணினியில் அதற்கு வைக்கும் குறும்பெயர்) கெடு தேதி போட ஆரம்பித்தேன். ஒளிபரப்பு அன்று காலை சம்பந்தப்பட்டவரிடம் ஒரு முறை பேசாமல் அந்தச் செய்தியை ரன்டவுனில் ஏற்றுவதில்லை. "இன்று", "இப்போது", "தற்போது" என்ற சொற்கள் கையிருப்புச் செய்தியில் இருந்தால் அவற்றின் மேல் ஒரு கண் வையுங்கள்.

வெள்ளி: ஒப்படைப்பு

வார நாள் அணியிடமிருந்து வார இறுதி அணிக்கு வேலை மாறும் இடம் இது. வாயால் சொல்லிவிட்டுப் போவது போதாது. ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எந்தச் செய்தி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது, எந்தச் செய்தியில் சட்டச் சிக்கல் இருக்கிறது, யாரிடம் பேட்டி கேட்டுப் பதில் வரவில்லை, எந்தக் காட்சிக்கு அனுமதி இல்லை, எது குறிப்பிட்ட நேரம்வரை வெளியிடக் கூடாதது. இவ்வளவுதான். ஆனால் இந்த ஒரு பக்கம் இல்லாமல் சனிக்கிழமை காலை தொடங்கினால் பத்து மணிவரை தொலைபேசியிலேயே போய்விடும்.

வெள்ளி மாலை அலுவலகம் மூடும் நேரத்தில் வெளியாகும் அறிக்கைகளைத் தவறவிடாதீர்கள். சங்கடமான ஆவணங்களை அந்த நேரத்தில் வெளியிடும் வழக்கம் பல நாட்டு அரசுகளிலும் நிறுவனங்களிலும் உண்டு. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் வந்த நூறு பக்க அறிக்கையை நிதானமாகப் படிக்கச் சனிக்கிழமை காலையில் ஒருவரை உட்கார வையுங்கள். ஞாயிறு இரவுக்கு அதிலிருந்தே தலைப்புச் செய்தி கிடைத்த அனுபவம் எனக்கு உண்டு.

தொலைபேசி எண் பட்டியலையும் அன்றே சரிபார்க்க வேண்டும். காவல் கட்டுப்பாட்டு அறை, தீயணைப்பு, வானிலை மையம், மின்துறை, பெரிய மருத்துவமனைகள் என்று விடுமுறை நாளில் யார் பொறுப்பில் இருக்கிறார்களோ அவர்களுடைய எண்கள். எண் இருந்தால் போதாது. ஒரு முறை அழைத்து, மறுமுனையில் யாராவது எடுக்கிறார்களா என்று பாருங்கள். மூத்த தலைவர்கள், கலைஞர்களின் மறைவுக்காக முன்கூட்டித் தயாரித்த தொகுப்புகள் சர்வரில் எந்தப் பெயரில் இருக்கின்றன என்பதையும் அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ரன்டவுன் போடுவது

அரை மணி நேர இடம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரமும் முன்னோட்டமும் 7 நிமிடம் போனால் கையில் 23 நிமிடம். தலைப்புச் செய்திகளுக்கு 1, முதல் பகுதிக்கு 9, இரண்டாம் பகுதிக்கு 6, விளையாட்டுக்கு 4, வானிலைக்கு ஒன்றரை, விடைபெற அரை நிமிடம். மொத்தம் 22. மீதி ஒரு நிமிடத்தை நிரப்பாதீர்கள். வார இறுதியில் நேரலை தாமதமாக வரும், தொலைபேசி வழியாகப் பேசும் போனோவில் செய்தியாளர் கொஞ்சம் நீட்டுவார், ஏதாவது ஒரு பைட் (பேட்டியின் சிறு துண்டு) ஓடாது. அந்த ஒரு நிமிடம்தான் எல்லாவற்றையும் தாங்கும்.

கணக்கை முடிவிலிருந்து போடுங்கள். 8:29:30-க்கு புல்லட்டின் முடிய வேண்டும் என்றால் 8:29:00-க்கு விடைபெறும் வரி தொடங்க வேண்டும். வானிலை 8:27:30-க்கு. நடுவில் விளம்பரம் இல்லையென்றால் விளையாட்டு 8:23:30-க்கு. இந்த மூன்று நேரத்தையும் தயாரிப்பாளர் தாளின் ஓரத்தில் எழுதி வைத்திருந்தால், முதல் பகுதியில் எவ்வளவு இழுத்துக்கொண்டு போனாலும் எங்கே வெட்டுவது என்று குழப்பம் வராது.

விளையாட்டு தனிக் கவனம் கேட்கும். வார இறுதியில் முக்கியமான ஆட்டங்கள் பல நேரம் புல்லட்டின் ஓடும்போதே முடியும். இந்த அணி வென்றால் ஒன்று, அந்த அணி வென்றால் ஒன்று, சமனில் முடிந்தால் ஒன்று என்று மூன்று ஆங்கர் லீட் (செய்தி வாசிப்பவர் சொல்லும் தொடக்க வரிகள்) எழுதி வைப்போம். முடிவு தெரிந்ததும் மற்ற இரண்டையும் ரன்டவுனிலிருந்தே நீக்கிவிட வேண்டும். ஓரமாக வைத்திருப்பதெல்லாம் ஆகாது, ஆங்கர் பார்த்து வாசிக்கும் திரையான பிராம்ப்டரில் தவறானது ஏறிவிடும். அதே சேனலில் நேரலை ஆட்டம் நீண்டுபோனால் புல்லட்டின் நேரமே தள்ளிப்போகும், சுருங்கும். அரை மணி நேர ரன்டவுனோடு 15 நிமிட வடிவத்தையும் 5 நிமிட வடிவத்தையும் பென்சிலால் குறித்து வைத்திருங்கள்.

எழுத்து: காதுக்கும் மூச்சுக்கும்

செய்தி முகமைகளிலிருந்து வருவதை அப்படியே மொழிபெயர்த்து ஏற்றுவது ஆள் குறைவான நாளில் வரும் முதல் சறுக்கல். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்.

"ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு வந்த பாலம் இடிந்து விழுந்த விபத்தில் இடிபாடுகளில் சிக்கிய தொழிலாளர்களை மீட்கும் பணியில் ஈடுபட்டிருந்த தீயணைப்பு வீரர்கள் இருவர் காயமடைந்துள்ளதாகக் கூறப்படுகிறது."

கண்ணால் படித்தால் புரிந்துவிடும். காதால் கேட்டால் வாக்கியம் முடியும்வரை யாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. தமிழில் வினை கடைசியில் வருவதால் கேட்பவர் அதுவரை எல்லாவற்றையும் நினைவில் சுமக்க வேண்டியிருக்கிறது. உடைத்து எழுதுவோம்.

"கட்டுமானத்தில் இருந்த ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்தது. தொழிலாளர்கள் சிலர் இடிபாடுகளில் சிக்கியிருக்கிறார்கள். அவர்களை மீட்கப் போன தீயணைப்பு வீரர்களில் இரண்டு பேருக்குக் காயம். இதை மாவட்டத் தீயணைப்பு அதிகாரி சொல்லியிருக்கிறார்."

"கூறப்படுகிறது" எங்கே போனது என்று பாருங்கள். யார் கூறுகிறார் என்று தெரிந்தால் அவர் பெயரை, பதவியைச் சொல்லிவிடலாம். தெரியாவிட்டால் அந்த வரியே வேண்டாம். என் டெஸ்க்கில் "கூறப்படுகிறது", "தெரிகிறது", "தகவல்கள் வெளியாகியுள்ளன" மூன்றுக்கும் சிவப்பு வட்டம் போடுவோம். வார நாளில் இந்த வரியை மூன்று பேர் பார்த்துத் திருத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒருவர்தான்.

பிராம்ப்டருக்கு ஏற்றும்போது இன்னும் சில வேலை இருக்கிறது. எண்களை வாசிப்பது போலவே எழுதுங்கள். 2,47,500 என்று ஏற்றினால் ஆங்கர் ஒரு நொடி தடுமாறுவார். "ஏறத்தாழ இரண்டரை லட்சம்" என்றால் கேட்பவருக்கும் நிற்கும். வெளிநாட்டுப் பெயர்களில் நம் எழுத்து உதவாது. க, ச, ட, த, ப ஆகியவற்றை வன்மையாகச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உச்சரிப்பைக் கேட்டு, பக்கத்தில் ஆங்கருக்குப் புரிகிற குறி போட்டு வையுங்கள்.

வரி எங்கே உடைகிறது என்பதையும் பாருங்கள். பிராம்ப்டர் வரி குட்டையானது. "உள்ளே யாரும் சிக்கியிருக்க வாய்ப்பு" என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரியில் "இல்லை" வந்தால், ஆங்கர் "வாய்ப்பு" என்ற இடத்திலேயே குரலை இறக்கிவிடுவார். கேட்பவர் நெஞ்சு ஒரு கணம் நின்று போகும். "யாரும் உள்ளே இல்லை" என்று ஒரே வரியில் அடங்குகிற மாதிரி மாற்றிவிடுங்கள். எதிர்மறைச் சொல் தனியாகத் தொங்கக் கூடாது.

ஆங்கரின் தயாரிப்பு

வார நாளில் ஆங்கருக்கு ஒப்பனை, உடை, எழுத்து எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கும். வார இறுதியில் பல இடங்களில் ஆங்கரே தன் லீடைத் திருத்துவார், தலைப்புச் செய்திகளை எழுதுவார், சில நேரம் போன் செய்து உறுதியும் செய்வார். இதைச் சுமையாக நினைக்காதீர்கள். தான் எழுதியதை வாசிக்கும் குரலில் இருக்கும் உறுதி வேறு.

ஒளிபரப்புக்கு மூன்று மணி நேரம் முன்னால் வந்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் வெறும் வாசிப்பு. வெள்ளி இரவிலிருந்து என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் படிக்க வேண்டும், ரன்டவுனில் இல்லாததையும் சேர்த்து. இரண்டாவது மணி நேரத்தில் முழு ஸ்கிரிப்டையும் வாய்விட்டு ஒரு முறை. மனதுக்குள் படித்தால் நாக்கு எங்கே தடுக்கும் என்று தெரியாது. "ழ"வும் "ள"வும் "ல"வும் அடுத்தடுத்து வரும் இடம், "உயர்நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையுத்தரவு" மாதிரி மூச்சு முட்டுகிற தொடர் எல்லாம் அப்போதுதான் தெரியும். தடுக்கிற இடத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. உங்கள் வாசிப்பு வேகத்தையும் ஒரு முறை அளந்து வையுங்கள். நான் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல் வாசிப்பேன். அந்த எண் தெரிந்திருந்தால், 20 நொடிக்கு என்று கேட்கும்போது எவ்வளவு எழுத வேண்டும் என்று கை தானாகச் சொல்லும்.

காகித ஸ்கிரிப்ட் கட்டாயம். 1950-ல் அமெரிக்காவில் முதன்முதலில் வந்த டெலிபிராம்ப்டர், மோட்டாரால் சுழலும் காகிதச் சுருள்தான். இன்று கணினி ஓட்டுகிறது, ஆனாலும் நின்றுபோகும். வார இறுதியில் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் வீட்டில் இருப்பார். ஒவ்வொரு செய்தி முடிந்ததும் தாளை ஒன்று நகர்த்தும் பழக்கம் இருந்தால், பிராம்ப்டர் நின்ற கணத்தில் சரியான தாள் உங்கள் கையில் இருக்கும். தாளைத் தேடும் ஆங்கரைப் பார்த்தால் பார்ப்பவருக்குப் பதற்றம் வரும்.

உடை விஷயம் சின்னது போலத் தோன்றும். 2002 மார்ச் 30 சனிக்கிழமை பிரிட்டனின் ராஜமாதா மறைந்த செய்தியை பிபிசியில் பீட்டர் சிசன்ஸ் வாசித்தார். கறுப்பு டைக்குப் பதிலாக அடர் சிவப்பில் டை கட்டியிருந்தார். செய்தியை விட்டுவிட்டு அந்த டையைப் பற்றிப் பத்திரிகைகள் நாட்கணக்கில் எழுதின. உங்கள் அலமாரியில் அடக்கமான நிறத்தில் ஒரு உடை எப்போதும் தொங்கட்டும். பெரிய துக்கச் செய்தி வந்தால் விளம்பர இடைவேளை போதும், மாற்றிவிடலாம்.

ஒளிபரப்பில்

காதில் இயர்பீஸ், எதிரே கேமரா, கையில் தாள். தயாரிப்பாளர் பேசும்போதும் உங்கள் வாக்கியம் நிற்கக் கூடாது. இது பயிற்சியால் மட்டுமே வரும். வீட்டில் வானொலியைக் காதில் ஓடவிட்டு வேறு ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். தயாரிப்பாளருக்கும் ஒரு கடமை இருக்கிறது. காதில் முழு வாக்கியம் பேசாதீர்கள். "பைட் இல்லை, அடுத்தது, பத்து" போதும். ஆங்கர் நேரலையில் ஒருவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது வாயே திறக்க வேண்டாம், உயிர்போகிற அவசரம் தவிர.

கனமான செய்தியிலிருந்து இலேசான செய்திக்கு மாறும் இடம் வார இறுதியில் அடிக்கடி வரும். ஒரு விபத்து முடிந்து உடனே கோப்பை வென்ற அணியின் கொண்டாட்டம். "இனி மகிழ்ச்சியான செய்தி" என்று சொல்லி மாறாதீர்கள். முந்தைய செய்தியில் உயிரிழந்தவருடைய வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு மூச்சு விடுங்கள், தாளை மாற்றுங்கள், கேமரா கோணம் மாறட்டும், பிறகு சாதாரணக் குரலில் "விளையாட்டுச் செய்திகள்" என்றால் போதும். ரன்டவுன் போடும்போதே இரண்டுக்கும் நடுவில் ஒரு நடுநிலைச் செய்தியை வைப்பது இன்னும் நல்லது.

தவறு நடந்தால் ஒரே வரியில் திருத்திவிட்டு நகருங்கள். "மன்னிக்கவும், அது 15 பேர்" என்றால் முடிந்தது. நீட்டினால் தவறுதான் நினைவில் நிற்கும்.

நடுவில் வந்து விழும் செய்தி

இதற்குத்தான் மேலே சொன்ன எல்லாமே.

இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் குரல் வருகிறது: "பாலம் இடிஞ்சிருக்கு. தீயணைப்பு உறுதி பண்ணியாச்சு. படம் இல்லை. பேக்கேஜ் முடிஞ்சதும் உங்ககிட்டதான்." உங்களிடம் 40 நொடி இருக்கிறது. தாளின் பின்பக்கத்தில் நான்கு சொல் எழுதுங்கள்: என்ன, எங்கே, எப்போது, யார் சொன்னது. பிராம்ப்டரில் எதுவும் வராது. அப்போது பேச வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்.

"இப்போது கிடைத்திருக்கும் செய்தி. கட்டுமானத்தில் இருந்த ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி இன்று மாலை இடிந்து விழுந்தது. மாலை ஆறரை மணி அளவில் இது நடந்ததாகத் தீயணைப்புத் துறை எங்களிடம் உறுதிசெய்திருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே எத்தனை பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. மீட்புக் குழுவினர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் செய்தியாளர் வழியில் இருக்கிறார். கிடைக்கும் தகவலை உடனுக்குடன் தருகிறோம்."

இதில் ஒரு உரிச்சொல் கூட இல்லை. "பயங்கர", "கோர", "அதிர்ச்சி" எதுவும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லியாயிற்று, யார் சொன்னது என்று சொல்லியாயிற்று, தெரியாததையும் தெரியாது என்றே சொல்லியாயிற்று. இன்னும் பேச வேண்டியிருந்தால் இதையே மறுபடி சொல்லுங்கள். புதிதாக டிவி முன்னால் வந்து உட்காருபவர்களுக்கு அது தேவை. மௌனத்தை நிரப்ப ஊகம் பேசுவதுதான் கூடாது.

எண்ணிக்கையைச் சொல்லும்போது "இதுவரை" என்ற சொல்லை விடாதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த முதல் கணிப்பில் நிலநடுக்கத்தின் அளவு 8 என்றுதான் இருந்தது. பிறகு 9-ஐத் தாண்டியது. அன்று ஒவ்வொரு புல்லட்டினிலும் ஏறிக்கொண்டே போன பலி எண்ணிக்கை, கடைசியில் இரண்டு லட்சத்தைத் தாண்டி நின்றது. முதல் மணி நேரத்து எண் எந்தப் பேரிடரிலும் இறுதி எண்ணாக இருக்காது.

மரணச் செய்தியில் இன்னும் கடுமையாக இருங்கள். 2011 ஜனவரி 8 சனிக்கிழமை அமெரிக்காவின் டூசான் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியேல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டார். அவர் இறந்துவிட்டதாக ஒரு பெரிய ஊடகம் சொன்னது, அதைப் பார்த்து மற்ற பெரிய ஊடகங்களும் சொல்லின. அவர் அப்போது அறுவை சிகிச்சையில் இருந்தார், பிழைத்தும் வந்தார். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் அவருடைய குடும்பமும் அந்தத் தவறான செய்தியைக் கேட்டது. இன்னொரு சேனல் சொல்லிவிட்டது என்பது உறுதிப்படுத்தல் ஆகாது. மருத்துவமனை, குடும்பம், பொறுப்பான அதிகாரி ஆகிய மூவரில் ஒருவராவது பெயரோடு சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவர் உயிரோடு இருக்கிறார் என்றே பேசுங்கள். பின்தங்கிவிட்டோமே என்று மேலிடம் கேட்டால் கேட்கட்டும்.

நேரலைக் காட்சியிலும் கவனம் வேண்டும். 1963 நவம்பர் 24 ஞாயிறன்று, அமெரிக்க அதிபர் கென்னடி கொலையில் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டைக் காவலர்கள் அழைத்துப் போகும் சாதாரணக் காட்சி என்று நினைத்துத்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி நேரலைக்குப் போனது. அவர் சுடப்பட்டது அப்படியே வீடுகளுக்குள் போயிற்று. சம்பவ இடத்திலிருந்து வரும் நேரலையைத் திரையில் ஏற்றும் முன் தயாரிப்புக் கட்டுப்பாட்டு அறையான பிசிஆரில் ஒருவர் சில நொடியாவது பார்த்திருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் வரும் காட்சி என்றால், அன்றைய வெயிலும் மழையும் படத்தோடு பொருந்துகிறதா, கடைப் பலகையில் என்ன மொழி, இதே படம் பழைய தேதியில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதி ஆங்கர் வேலையைப் பற்றி

இந்த இருக்கையை இரண்டாம் இடமாக நினைக்கும் புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். என்பிசியின் வார இறுதிச் செய்தியைப் பல ஆண்டுகள் வாசித்த லெஸ்டர் ஹோல்ட் 2015-ல் வார நாள் இருக்கைக்கு வந்தார். ஏபிசியில் டேவிட் மியூர் 2014-ல் அதே வழியில் வந்தார். அவர்களுக்கு முன்பே கானி சுங் சனிக்கிழமைச் செய்தி வாசித்துவிட்டு, 1993-ல் சிபிஎஸ் மாலைச் செய்தியின் இணை ஆங்கர் ஆனார். ஆள் குறைந்த அறையில் எழுதி, உறுதிசெய்து, வாசித்துப் பழகியவருக்கு எந்த நாற்காலியும் பயமில்லை.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வார விடுப்பு செவ்வாய், புதனாக இருக்கும். வீட்டார் கல்யாணம், பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி எல்லாம் நீங்கள் வேலையில் இருக்கும் நாளில் வரும். மாதத்தில் ஒரு வார இறுதியாவது முழு விடுப்பு வேண்டும் என்று வேலைக்குச் சேரும்போதே பேசி எழுதி வாங்குங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

ஞாயிறு இரவு: முடிக்கும் முன்

விளக்கு அணைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பத்து நிமிடம் நின்றுகொண்டே பேசுங்கள். எது ஓடவில்லை, எந்தப் பெயரைத் தவறாகச் சொன்னோம், எந்த எண் மாறியது என்று. திரையின் அடியில் ஓடும் ஸ்க்ரோலை ஒரு சுற்று முழுதாகப் படியுங்கள். மாலையில் "12 பேர் சிக்கினர்" என்று போட்ட வரி, எல்லோரையும் மீட்ட பிறகும் நள்ளிரவுவரை ஓடிக்கொண்டிருந்த இரவுகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வெள்ளிக்கிழமை வாங்கிய அதே மாதிரி ஒரு பக்கம், இந்த முறை திங்கள் காலை அணிக்கு. பாலம் விபத்தில் தீயணைப்பு அதிகாரியின் எண், பேசச் சம்மதித்த குடும்பத்தின் பெயர், பேச விரும்பவில்லை என்று சொன்ன குடும்பத்தின் பெயரும்கூட. அவர்களை யாரும் காலையில் மறுபடி அழைத்துத் தொந்தரவு செய்யாமல் இருக்க, அந்தப் பெயரின் கீழ் இரண்டு கோடு போட்டு வைப்பேன்.